ஆலை நச்சு வழக்குகள்: ஆரம்பத்திலேயே செய்துவிடும் தவறுகள்

ஆலைக் கழிவால் ஊர் கெட்டது ஊருக்கே தெரியும். ஆனால் நீதிமன்றம் கேட்பது காகிதம். அது இல்லாமல் உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்கள் தோற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இருப்பதிலேயே பெரிய தவறு, உடல் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது, முன்னாள் தொழிலாளர்கள் உயர் நீதிமன்றம் போனது 2006இல். தொழிலாளர்களின் உடல்நலத்துக்குக் கேடு இல்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. அடுத்த வருடம் நிபுணர் குழுவும், இவர்களுடைய இப்போதைய நோய்களைப் பாதரசத்தோடு இணைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. பாதரசம் ரத்தத்திலும் சிறுநீரிலும் வருடக்கணக்கில் அப்படியே நிற்காது, வேலையை விட்ட சில மாதங்களிலேயே அளவு இறங்கிவிடும், ஆனால் நரம்பும் சிறுநீரகமும் பட்ட அடி போகாமல் இருக்கலாம். கடைசியில் 2016இல்தான் 591 பேருக்கு நிறுவனத்தோடு சமரசம் ஆனது. அதனால் சந்தேகம் வந்த உடனே டாக்டரிடம் போய், எந்த ஆலை, என்ன ரசாயனம், எத்தனை வருடம் என்று சொல்லி, அதை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வெறும் "இருமல், தலைவலி" என்று எழுதிய சீட்டு பின்னால் பெரிதாக உதவாது.

தண்ணீரும் அப்படித்தான். பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோனால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார். அங்கீகாரம் பெற்ற ஆய்வக ஆட்களையே வரவழைத்து, தேதி, இடம், சாட்சியோடு எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வாயால் புகார் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அப்புறம் காலக்கெடு. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் (தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது) இழப்பீடு கேட்க, அதற்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 வருடம், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அவ்வளவுதான். சுற்றுச்சூழல் தொடர்பான மற்ற வழக்குகளுக்கு 6 மாதமே. "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று ஆலைத் தரப்பு இழுத்துக்கொண்டே போகும்போது இந்த நாட்களும் சேர்ந்து போகின்றன.

ஆலை அலட்சியமாக இருந்தது என்று நிரூபிப்பதிலேயே பாதி சக்தியைச் செலவழிப்பவர்களும் உண்டு. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986லேயே உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்துகிறவர் கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது. சிரமப்பட வேண்டியது நச்சுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டுவதில்.

சமரசப் பத்திரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். போபாலுக்கு 1989இல் 47 கோடி டாலரில் முடித்தார்கள்; அது போதவில்லை என்று மத்திய அரசே கூடுதல் தொகை கேட்டும் 2023இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இனிமேல் வரக்கூடிய நோய்க்கு யார் பொறுப்பு, மருத்துவப் பரிசோதனை எத்தனை வருடம், பட்டியலில் விடுபட்டவர்கள் என்ன ஆவார்கள், இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை பேனாவை எடுக்க வேண்டாம்.