"20-தானே மேடம் எழுதியிருந்தது!": ஹார்மோன் ஊசியில் தவிர்க்க வேண்டியவை

கடலூரில் எங்கள் வார்டுக்கு போஸ்டிங் வரும் நர்சிங் மாணவிகளுக்கு ஊசி குத்தும் கோணம் 45 டிகிரி, 90 டிகிரி எல்லாம் தலைகீழ்ப் பாடம். கை கழுவு, பேர் கேள் என்பதை நானும் சொல்லப்போவதில்லை. ஹார்மோன் ஊசி போடுவதில் ஒரு காலத்தில் நான் செய்து, இன்று இவர்கள் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

40-ஆ, 100-ஆ?

இன்சுலினும் ஹார்மோன்தான். நம் ஊரில் பாட்டிலில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனா வடிவ ஊசிக் கருவிக்குள் போடும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. நைட் டியூட்டியில் தூக்கக் கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், 20 யூனிட் போட வேண்டிய ஒரு அம்மாவுக்கு 40 பாட்டிலிலிருந்து 100 சிரிஞ்சில் 20-ஆவது கோடு வரை இழுத்துப் போட்டேன். உள்ளே போனது 8 யூனிட்தான். மூன்று நாளாகச் சுகர் இறங்கவில்லை. "ராத்திரி என்ன ஆயா சாப்பிட்டீங்க?" என்று அந்த அம்மாவைத்தான் குடைந்தோம். பாவம், இரண்டு இட்லி.

போன வருஷம் ஒரு மாணவி இதையே தலைகீழாகச் செய்தாள். தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர், பேனா உடைந்துபோய் கார்ட்ரிட்ஜை மட்டும் கொண்டுவந்திருந்தார். இவள் யாரையும் கேட்காமல் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்துவிட்டாள். அது அரை மில்லி. அதாவது 50 யூனிட்! கொஞ்ச நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. சுகர் 46-க்கு இறங்கியிருந்தது. நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அவளைக் கேட்டால், "20-தானே மேடம் எழுதியிருந்தது" என்கிறாள். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. எழுதியிருந்தது யூனிட்; அவள் பார்த்தது கோடு. பாட்டில் லேபிளில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வாய்விட்டுப் படியுங்கள். கார்ட்ரிட்ஜுக்குள் சிரிஞ்சை விடவே விடாதீர்கள்.

குலுக்குவது

கலங்கல் இன்சுலினை உள்ளங்கையில் வைத்து உருட்டினால் போதும். அது இருமல் டானிக் இல்லை.

தேய்ப்பது

மூன்று மாதக் கருத்தடை ஊசியான 'அந்தரா' போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. மருந்து மெல்ல மெல்ல இறங்க வேண்டும். தேய்த்தால் சீக்கிரம் கரைந்து, மூன்று மாதக் கணக்கு கெடும். ஆனால் பழக்கதோஷம், பஞ்சை வைத்ததும் கை தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும்.

ஒரே இடத்தில் குத்துவது

கட்டி தட்டும். ஒரு விரல் தள்ளிப் போடுங்கள்.

ஆக்ஸிடோசினை வெளியே வைப்பது

பிரசவத்தில் போடும் ஹார்மோன் ஊசி மருந்து இது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது, கடலூர் மே மாத வெக்கையில் காலையிலிருந்து ட்ரேயிலேயே கிடக்கும். ஏன் என்று ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தால், உள்ளே யாருடைய தயிர்சாதமோ இருக்கும்.