நீலகிரியிலிருந்து பன்னாட்டுச் சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு

எடுத்த எடுப்பில் எல்எல்எம் (சட்ட முதுகலை) படிப்புக்குக் கடன் வாங்க வேண்டாம். இந்தத் துறை ஒத்துவருமா என்று பார்க்கச் செலவு குறைந்த வழிகள் உண்டு. ஐ.நா.வின் ஆடியோவிஷுவல் லைப்ரரியில் பன்னாட்டுச் சட்ட விரிவுரைகள் இலவசம். கல்லூரியில் ஜெசப் மூட் கோர்ட் (பன்னாட்டுச் சட்ட மாதிரி நீதிமன்றப் போட்டி) அணி இருந்தால் சேருங்கள். இரு தரப்புக்கும் மெமோரியல் (எழுத்துவடிவ வாதம்) எழுதிய பழக்கம் பின்னால் எல்லா விண்ணப்பத்துக்கும் உதவும்.

அடுத்தது நெதர்லாந்திலுள்ள ஹேக் பன்னாட்டுச் சட்ட அகாடமியின் கோடை வகுப்பு. பொதுப் பன்னாட்டுச் சட்டம் 3 வாரம், தனியார் பன்னாட்டுச் சட்டம் (பல நாடுகளைத் தொடும் தனிநபர் வழக்குகளுக்கானது) 3 வாரம். முதலாண்டு மாணவர்களுக்கானது அல்ல. இடம் கிடைத்துவிட்டால் உதவித்தொகையும் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இதற்கு ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) குறுகியகால விசா போதும்: பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாள் முன்புதான் கடைசி வரம்பு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

எல்எல்எம் என்று முடிவெடுத்தால் பல்கலைக்கழகப் பட்டியலைவிடக் காகித வேலைதான் பெரிது. கோவை அரசு சட்டக் கல்லூரியில் படித்திருந்தாலும் பட்டம் தருவது சென்னையிலுள்ள அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். டிரான்ஸ்கிரிப்டும் (எல்லாப் பருவ மதிப்பெண்களின் சான்று) அங்கிருந்துதான் வர வேண்டும். பல விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விழும். குன்னூர், கோத்தகிரி மலைப்பாதைகளில் மண் சரியும் வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். ஆகஸ்டுக்குள் சென்னை வேலையை முடித்துவிடுங்கள்.

பெயரைச் சரிபாருங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் விண்ணப்பம், ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் தேர்வு) இரண்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, இருவரும் ஒருவரே என்ற அஃபிடவிட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் 2 ஆண்டுகளுக்கே செல்லும்.

விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையில் (ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதுவது) 'உலக அமைதிக்காக' என்று தொடங்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். நம் வாசலிலேயே விஷயம் கிடக்கிறது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களில் பலர் டான்டீ (தமிழக அரசின் தேயிலைக் கழகம்) தோட்டங்களில் குடியேறினார்கள். குடியுரிமை, நாடற்ற நிலை, இரு நாட்டு ஒப்பந்தம் தனிமனிதரைக் கட்டுப்படுத்தும் விதம் என்று கேட்க எத்தனையோ கேள்விகள் உண்டு. அதில் ஒன்றை எடுத்து, எந்தப் பேராசிரியரிடம் எந்தப் பாடத்தில் அதைத் தொடரப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். இது இல்லாத அறிக்கைக்கு நல்ல மதிப்பெண்ணும் துணை நிற்காது.

உதவித்தொகையில் பிரிட்டன் அரசின் செவனிங்குக்கு 2 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும்; கல்லூரி முடித்த கையோடு கிடைக்காது. பழங்குடி மாணவர்களுக்கு மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் வெளிநாட்டு உதவித்தொகை உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் அதில் தனி ஒதுக்கீடு உள்ள பிரிவில் வருவார்கள். உங்கள் பாடம் அந்த ஆண்டு அறிவிக்கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிரிட்டன் மாணவர் விசாவில் பலர் இடறுவது வங்கிக் கணக்கில்தான். காட்ட வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. பணம் உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கலாம், தாய்மாமன் கணக்கு செல்லாது. நகைக்கடன் வாங்கிப் போடுவதானால் வட்டியையும் அந்த 28 நாளுக்குச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

திரும்பி வந்து சட்டக் கல்லூரியில் ஆசிரியராகும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டு ஓராண்டு எல்எல்எம்மை இந்தியப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பது பற்றிய பார் கவுன்சில் விதியைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.