ஈரல் கொழுப்புக்கு இலைச்சாறு: எங்கே பிழை விடுகிறோம்?

ஸ்கான் அறிக்கையில் 'ஈரலில் கொழுப்பு' என்று வந்துவிட்டால், ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்த வீட்டிலும் முதலில் கிடைக்கும் யோசனை இலைச்சாறுதான். முருங்கையிலையை அவித்துக் குடிங்க, கறிவேப்பிலையை வெறும் வயிற்றில் அரைத்துக் குடிங்க என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. எலிகளுக்குக் கொழுப்புத் தீனி கொடுத்து நடத்திய ஆய்வுகள் சிலவற்றில் இந்த இலைகளின் சாறு ஈரலைக் காத்திருக்கிறது.

கொழுப்பு மிஞ்சிச் சேரும்போது கலங்களில் சக்தியை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளான இழைமணிகள் அதை எரித்து முடிக்க முடியாமல் திணறுகின்றன. அப்போது பெருகும் ஒட்சிசன் மூலிகங்கள் என்னும் தாக்கம் கூடிய துணிக்கைகள் கலமென்சவ்வைப் பழுதாக்குகின்றன. இதுதான் ஒட்சியேற்ற அழுத்தம். தாவரங்களிலுள்ள பொலிபீனோல்கள் என்னும் சேர்வைகள் அந்த மூலிகங்களை அடக்குவதோடு உடலின் சொந்தக் காவல் நொதியங்களையும் தூண்டுகின்றன.

சரி, பிறகு பிழை எங்கே வருகிறது? பெரும்பாலும் அளவில். ஆய்வுகளில் கொடுப்பது அனேகமாக எதனோல் போன்றவற்றால் பிரித்தெடுத்து, உலர்த்திச் செறிவாக்கிய சாறு. நாம் கேத்திலில் அவிப்பது அது இல்லை. சுண்டெலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தார்கள் என்று வாசித்துவிட்டு, 60 கிலோ எடையுள்ளவர் அப்படியே பெருக்கினால் 12 கிராம் வரும். கணக்கு அப்படியில்லை. மனிதருக்கு மாற்றும்போது சுண்டெலி அளவை ஏறத்தாழ 12ஆல் வகுப்பார்கள். கிடைப்பது 1 கிராம் அளவில்தான். அதுவும் மனிதரில் சோதித்துப் பார்க்கத் தொடங்குவதற்கான மதிப்பீடு மட்டுமே. அதோடு, பல ஆய்வுகளில் கொழுப்புத் தீனி தொடங்கிய நாளிலிருந்தே சாறும் கொடுக்கப்படுகிறது. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த ஈரலை அது திருத்தும் என்பதற்கு அந்த முடிவு சான்றாகாது.

கூடுதலாகக் குடித்தால் கூடுதல் நன்மை என்பது எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. தினம் 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டீன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. பீற்றா கரோட்டீனும் பொலிபீனோல்களைப் போல மூலிகங்களை அடக்கும் பொருள், அதாவது எதிரொட்சியேற்றிதான்.

கப்சியூல் விடயத்திலும் அவதானம் வேண்டும். மீன்குழம்பில் போடும் கொறுக்காய்ப்புளிக்குப் பயப்பட ஒன்றுமில்லை. அதே வகை மரத்தின் செறிவான சாறு மெலிய வைக்கும் மாத்திரையாக விற்கப்படுகிறது. 1998இல் வெளியான 12 வார ஆய்வில் 135 பேரிடம் சோதித்தபோது அது வெற்று மாத்திரையை விட எடையைக் குறைக்கவில்லை. மாறாக, இத்தகைய மாத்திரைகளால் ஈரல் பழுதானவர்கள் இருக்கிறார்கள். ஈரலைக் காக்க வாங்கியது ஈரலையே தாக்குகிறது. பச்சைத் தேயிலைச் செறிசாற்றிலும் இந்த ஆபத்து உண்டு.

கிளினிக்கில் தந்த குளிசையை நிறுத்திவிட்டுச் சாறு குடிப்பவர்களையும், இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டு டொக்டரிடம் சொல்லாதவர்களையும் பார்க்கிறேன். பாகற்காய்ச் சாறும் கொத்தலா ஹிம்புட்டு என்ற மூலிகையும் சீனியைக் குறைக்கக்கூடியவை. சீனிக் குளிசையோடு சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வோர்பரின் குளிசை எடுப்பவர்கள் திடீரென்று கீரையையோ இலைச்சாற்றையோ கூட்டவும் குறைக்கவும் கூடாது.

காலையில் இலைக்கஞ்சி, பின்னேரம் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த ரோல்ஸும் வடையும் என்றால் கஞ்சி எதைத்தான் காக்கும்? காய்ந்த எண்ணெயே ஒட்சியேறிய எண்ணெய். இலை சாப்பாடாக இருக்கட்டும்: எண்ணெயில் பொரித்ததற்குப் பதிலாக வல்லாரைச் சம்பல், முருங்கையிலைச் சுண்டல். தேங்காய்ப்பாலையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், எந்தத் தூளோ கப்சியூலோ எடுத்தாலும் கிளினிக் கொப்பியோடு அந்தப் பைக்கற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கண் மஞ்சளானால், சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்தால், உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.