லேப்பில் மாணவர்களுக்கு மட்டும் நெட்டை நிறுத்த

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஒரு பள்ளிக் கணினி லேப்பில் தேர்வு என்றாலே ரூட்டர் வயரைப் பிடுங்கிவிடுவார்கள், அப்புறம் ஆசிரியருக்கும் நெட் இருக்காது. அது தேவையே இல்லை. கணினிகளையும் ரூட்டரையும் வயரால் இணைக்கும் ஸ்விட்சில் போர்ட் ஐசொலேஷன், அதாவது எந்த வயர் துளை (போர்ட்) எதனுடன் பேசலாம் என்று குறிக்கும் வசதி, இருந்தால் போதும். அமைப்புப் பக்கமே இல்லாத சாதாரண அன்மேனேஜ்டு ஸ்விட்சில் இதை அமைக்க முடியாது.

முதலில் எந்தப் போர்ட்டில் எது என்று எழுதி ஒட்டுங்கள். 1 முதல் 20 வரை மாணவர்கள், 23 ஆசிரியர், 24 ரூட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்விட்சின் அமைப்புப் பக்கத்தில் 1-20 போர்ட்டுகள் 23-உடன் மட்டும் பேசலாம் என்று குறித்து 24-ஐ எடுத்துவிட்டால், வினாத்தாள் ஆசிரியர் கணினியிலிருந்து வரும், நெட் வராது, பக்கத்துப் பிள்ளையின் ஃபோல்டரும் தெரியாது.

பலர் தடுமாறுவது ஐபியில்தான், அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள முகவரியில். ஐபியை ரூட்டர் தருகிறது என்றால், தடை போட்டபின் ஆன் செய்யும் கணினிக்கு அது கிடைக்காது, ஆசிரியர் கணினியையும் அதனால் பிடிக்க முடியாது. மாணவர் கணினிகளுக்கு நிலையான ஐபி (ரூட்டரைக் கேட்காமல் நாமே கணினியில் எழுதி வைப்பது) கொடுத்துவிடுங்கள்.

ஸ்விட்சில் சேவ் செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் பல ஸ்விட்சுகளில் கரண்ட் போய் வந்தால் அமைப்பு அழிந்திருக்கும். இந்தத் தடை வயருக்கு மட்டும்தான், வைஃபையைத் தனியாக அணையுங்கள். ஏதாவது ஒரு போர்ட் மட்டும் மக்கர் செய்தால் முதலில் வயர் முனையைப் பாருங்கள், நம் கடற்கரை உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும்.