சென்னையில் ஏர்சாஃப்ட்: குறைந்த செலவில் உடையும் கியரும் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கிகளோடு அணி பிரிந்து ஆடும் ஏர்சாஃப்டை ஆட ஆசைப்பட்டுக் கடைக்குப் போகிறவர் முதலில் எடுப்பது பெரும்பாலும் புள்ளி போட்ட ராணுவச் சட்டையாகவோ தகடு செருகி மார்பில் மாட்டும் கவச அங்கியான பிளேட் கேரியராகவோ இருக்கும். அப்புறம் ஹெல்மெட், தொடையில் கட்டும் பவுச். கடைசியில் கையில் மிச்சமிருக்கும் காசுக்கு ஒரு கண்ணாடி. இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கண், பல், கால் இந்த மூன்றுக்கும் முதலில் செலவு செய்யுங்கள். உடை அதற்குப் பிறகு, பார்க்க எப்படி இருக்கிறோம் என்பது எல்லாவற்றுக்கும் பிறகு. 5,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் அதில் பாதியைக் கழுத்துக்கு மேலே செலவழிப்பது தப்பே இல்லை.

துப்பாக்கி பற்றி இங்கே பேசப்போவதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் என்று அது தனிக் கதை. தொடங்குகிறவருக்கு மைதானத்தில் வாடகைக்குக் கிடைப்பதே போதும்.

கண்ணாடியில் மிச்சம் பிடிப்பது

பறந்து வருவது 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு, எடை 0.20 கிராம். வினாடிக்கு 350 அடி வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் சுமார் 1.14 ஜூல். சட்டையில் பட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனாலும் பிளாட்பாரக் கடையில் 'டாக்டிகல்' என்று எழுதி விற்கும் கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வார்கள்.

லென்ஸிலோ சட்டத்திலோ பொறித்திருக்கும் குறியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அமெரிக்கத் தர எண் இசட் 87. அதோடு ஒரு கூட்டல் குறியும் இருந்தால்தான் வேகமாக வந்து மோதும் பொருளைத் தாங்குகிறதா என்று சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மூக்குக் கண்ணாடி வடிவத்தில் இருப்பதற்கும் முகத்தோடு ஒட்டி மூடும் காகிள்ஸுக்கும் குறி ஒன்றுதான், சோதனை ஒன்றல்ல. கால் அங்குல எஃகு உருண்டையை மூக்குக் கண்ணாடி மேல் வினாடிக்கு 150 அடி வேகத்தில் விடுகிறார்கள், காகிள்ஸ் மேல் 250 அடி வேகத்தில். உருண்டையின் எடையை வைத்துக் கணக்குப் போட்டால் முதலாவது ஏறக்குறைய 1.1 ஜூல், இரண்டாவது 3 ஜூலுக்குச் சற்று மேல். மைதானத்தில் வரும் குண்டு 1.14 ஜூல் என்று மேலே பார்த்தோம். மூக்குக் கண்ணாடி வடிவம் விளிம்பில்தான் நிற்கிறது. போதாததற்கு அதன் கீழேயும் பக்கவாட்டிலும் இடைவெளி வேறு.

ஐரோப்பிய இ.என். 166 தரத்திலும் இதே கதைதான். அதில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் 6 மி.மீ. எஃகு உருண்டையை வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் தாங்கியிருக்கிறது, அதாவது ஒரு ஜூலுக்கும் குறைவு. 'பி' என்றால் 120 மீட்டர், 6 ஜூலைத் தாண்டும். 'எஃப்' போட்டதை ஒதுக்கிவிட்டு 'பி' போட்ட காகிள்ஸைக் கேளுங்கள். இதற்காக இணையத்தில் டாக்டிகல் கடைகளைத் தேட வேண்டியதில்லை. பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் லேத் பட்டறைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் போகிற சரக்கோடு நல்ல காகிள்ஸும் கிடைக்கும். டாக்டிகல் என்ற பெயர் இல்லாததால் விலையும் ஏறியிருக்காது. சாயக் குண்டு சுட்டு ஆடும் பெயிண்ட்பாலின் முகமூடி கைவசம் இருக்கிறவர்கள் அதையே போடலாம். பெயிண்ட்பாலுக்கென்று ஏ.எஸ்.டி.எம். எஃப் 1776 என்ற தரம் இருக்கிறது, அது பொறித்த முகமூடி ஏர்சாஃப்டுக்குத் தாராளம்.

பழைய லென்ஸை யாரிடமிருந்தும் வாங்க வேண்டாம். சட்டை, பெல்ட், பவுச் எல்லாம் செகண்ட் ஹேண்டில் எடுக்கலாம், கண்ணாடி மட்டும் புதிது. லென்ஸ் செய்யும் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். பெயின்ட் கறையை எடுக்கத் தின்னரோ பெட்ரோலோ போட்டுத் துடைத்திருந்தால் அந்த லென்ஸ் பலம் இழந்திருக்கும்.

அப்புறம் சென்னைக்கே உரிய தொல்லை, பனி படிவது. கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் பத்து நிமிடம் ஓடினால் ஒற்றை லென்ஸ் காகிள்ஸ் குளியலறைக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எதுவும் தெரியவில்லை என்று ஆட்டத்தின் நடுவில் நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். கண்ணில் அடிபட அந்த ஒரு நொடி போதும். அதனால் பனி படியாமல் இருப்பதை வசதியாக நினைக்காமல் பாதுகாப்பாகவே நினைக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து இரட்டை லென்ஸ் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. கட்டுப்படியாகவில்லையா? பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பில் ஒரு சொட்டை உள்பக்கம் தடவி மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள், ஓரிரு ஆட்டம் தாங்கும். நெற்றியில் ஒரு கர்ச்சீப்பை மடித்துக் கட்டினால் வேர்வை லென்ஸுக்குள் இறங்காது.

கம்பி வலை போட்ட காகிள்ஸில் பனியே படியாது, விலையும் குறைவு, அதனால் பலருக்கு அதன் மேல் ஒரு கண். தரம் குறைந்த குண்டு கம்பியில் மோதி உடைந்தால் சில்லு உள்ளே வரும் என்பதால் கண்ணுக்கு வலையை நான் சொல்லமாட்டேன். வாய்க்கும் கன்னத்துக்கும் அதே வலை அருமையான பொருள். மூச்சு தாராளமாக வரும், பல் தப்பும். முன்பல் ஒன்று உடைந்து, ரூட் கெனால் செய்து, கேப் போடும் செலவை ஒரு முறை விசாரித்துப் பாருங்கள், வலை முகமூடியின் விலை சில்லறையாகத் தெரியும். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய், அதன் மேலேயே காகிள்ஸை மாட்டி, தலையை ஆட்டிப் பார்த்து வாங்க வேண்டும். படம் பார்த்து ஆர்டர் செய்தால் காதோரம் இடிக்கும்.

குளிர் நாட்டு உடை

இணையத்தில் நாம் பார்க்கும் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் குளிர் ஊர்க்காரர்கள். தடித்த ஜாக்கெட், உள்ளே இன்னொரு சட்டை, கழுத்தைச் சுற்றி ஷெமாக் என்ற பெரிய துண்டு. அதைப் பார்த்து அப்படியே வாங்கிக் கத்திரி வெயிலில் கேளம்பாக்கம் பக்கமோ திருப்போரூர் பக்கமோ இறங்கினால் எதிர் அணி சுடவே வேண்டாம், வெயிலே வெளியே அனுப்பிவிடும்.

துணியில் இந்தக் கோடியும் ஆகாது, அந்தக் கோடியும் ஆகாது. முழுப் பருத்தி வேர்வையைக் குடித்துக் கனத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், காயவும் நேரமாகும். மலிவான முழு பாலியஸ்டரில் காற்றே புகாது. இரண்டும் கலந்ததுதான் சரி. 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் இந்திய ராணுவம் அறிமுகப்படுத்திய புதிய போர்ச் சீருடைகூட 70க்கு 30 என்ற விகிதத்தில் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்ததுதான். கடையில் லேபிள் இல்லையென்றால் துணியை வாயோடு ஒட்டிவைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் காற்று வரவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். சின்னச் சின்னக் கட்டமாக நெய்த ரிப்ஸ்டாப் துணியாக இருந்தால் முள்ளில் மாட்டிக் கிழிந்தாலும் கிழிசல் ஓடாது. சீமைக் கருவேலம் மண்டிய ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேன்ட். வெயிலுக்குப் பயந்து அரைக்கால் பேன்ட்டில் வந்தவர் முழங்காலில் குண்டு வாங்கியதும் அடுத்த வாரம் மாறிவிடுவார். அதற்காகப் பஞ்சு மெத்தை போல அடுக்கிக்கொண்டும் வரக் கூடாது. இந்த ஆட்டம் நேர்மையில் ஓடுவது. குண்டு பட்டால் பட்டவரே 'ஹிட்' என்று சொல்லிக் கையைத் தூக்க வேண்டும். தடித்த உடைக்குள் பட்டதே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தால் ஏமாற்றுக்காரர் என்று பெயர் வரும், அந்தப் பெயர் போக ரொம்ப நாளாகும்.

புள்ளிச் சட்டை மோகம்

சுற்றுப்புறத்தோடு கலந்து ஆளை மறைக்கும் புள்ளி வடிவமான கேமோவை வாங்குவதில் அமெரிக்க ராணுவமே சறுக்கியிருக்கிறது. 2004இல் அவர்கள் எங்கும் பொருந்தும் என்று சொல்லிக் கொண்டுவந்த சாம்பல் நிறப் பிக்சல் கேமோ எங்குமே சரியாகப் பொருந்தவில்லை. ஆப்கானிஸ்தானுக்கு 2010இல் வேறு கேமோவுக்குப் போனார்கள், பழையதை 2019இல் முற்றிலும் கைவிட்டார்கள். அதே சாம்பல் பிக்சலை நம் ஊரிலும் மலிவாக வாங்கிப் போடுகிறார்கள். செம்மண்ணிலும் கருவேல மரத்தடியிலும் அது வெள்ளையடித்த சுவர் போலத் தனியாகத் தெரியும்.

ஒற்றை நிறம் போதும். ஆலிவ் பச்சை, மண் நிறம், மங்கிய காக்கி, எதுவானாலும் சரி. வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதம் வரை புறநகர் பச்சையாக இருக்கும், பச்சைச் சட்டை எடுபடும். பங்குனி பிறந்தால் எல்லாம் காய்ந்து பழுப்பாகிவிடும், அப்போது பச்சைதான் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே பச்சை, கீழே மண் நிறம் என்று கலந்து வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க ஓட்டலாம். டெக்கத்லானில் காட்டு நடைக்கென்று விற்கும் கார்கோ பேன்ட் இதற்குக் கச்சிதம்.

இந்திய ராணுவச் சீருடை போலவே இருக்கும் துணி மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் புதிய சீருடையின் வடிவமைப்பை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்திருக்கிறது, பிறர் அனுமதியில்லாமல் தைத்து விற்பது சட்டவிரோதம். ராணுவ வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அப்படிப்பட்ட உடை அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'எனக்கு அந்த நோக்கம் இல்லை சார்' என்று காவல் நிலையத்தில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருப்பதைவிடச் சாதாரணச் சட்டையில் போய் மைதானத்தில் உடை மாற்றிக்கொள்வது மேல். மெட்ரோ ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் முழுக் கோலத்தில் ஏறுவது மற்றவர்களையும் பயமுறுத்தும். தோளில் ஒட்டும் பேட்சிலும் படைப் பிரிவுச் சின்னங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

காலுக்கு

கணுக்காலை மூடும் ஷூ, பிடிப்புள்ள அடிப்பாகம், இவ்வளவுதான் தேவை. எஃகு மூக்கு வைத்த தொழிற்சாலை பூட்ஸ் ஓடுவதற்குக் கனம். உள்ளே நீர் புகாத பூட்ஸில் வேர்வையும் வெளியே போகாது. மலிவில் சிறந்தது கான்வாஸில் வரும் ஜங்கிள் பூட்ஸ், நனைந்தாலும் சீக்கிரம் காயும். நெருஞ்சி முள் சாதாரண ஷூவின் மெல்லிய அடிப்பாகத்தைத் துளைத்துவிடும் என்பதால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். முழங்கால் பேட் வேண்டுமென்றால் வெளியே கட்டுவதைவிட வாலிபால் ஆடுகிறவர்கள் போடுவதை பேன்ட்டுக்குள்ளே போடுங்கள், நழுவாது.

துப்பாக்கிக்கு முன்னே பவுச்

எந்த ரகத் துப்பாக்கியில் ஆடப் போகிறோம் என்று முடிவாகும் முன்பே, குண்டு அடைக்கும் மேகசினை வைக்கும் பவுச்சை வாங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. எம் 4 ரகத்தின் மேகசினுக்குத் தைத்த பவுச்சில் ஏகே ரகத்தின் வளைந்த மேகசின் ஒழுங்காக உட்காராது. வாடகைத் துப்பாக்கியில் ஆடும் வரை ஒரு பெல்ட்டும், குண்டும் தண்ணீரும் வைக்க ஒரு பையும் போதும்.

பிளேட் கேரியர் வேண்டாம் என்றே சொல்வேன். உள்ளே வைக்கும் ஃபோம் தகடு முதுகையும் மார்பையும் அடைத்துவிடும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது தண்டனை. அதே வேலையை, பவுச்களை மார்பில் வரிசையாகத் தாங்கும் பட்டையான செஸ்ட் ரிக் பாதிக் கனத்தில் செய்யும், முதுகிலும் காற்றுப் படும். வாங்கும்போது துணியின் டெனியர் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதுதான் டெனியர். நூல் எவ்வளவு தடிமன் என்று அது சொல்லும், எவ்வளவு பலம் என்று சொல்லாது. 500 டெனியர் நைலான் 600 டெனியர் பாலியஸ்டரைவிட அதிகம் உழைக்கும். துணியைவிடத் தையல்தான் முதலில் விடும். பவுச் மாட்டும் ஒரு அங்குல நாடாக்களின் ஒவ்வொரு தையல் புள்ளியிலும் விரலை விட்டு இழுத்துப் பாருங்கள், முன்னும் பின்னும் அடர்த்தியாக ஓட்டித் தைத்திருக்க வேண்டும். ஒற்றைத் தையல் என்றால் விட்டுவிடும்.

அப்படி விட்டாலும் தூக்கிப் போட வேண்டாம். பள்ளிக்கூடப் பை ரிப்பேர் செய்கிற கடைகளில் தடித்த நாடாவைத் தைக்கும் மெஷின் இருக்கும், சின்னத் தொகைக்கு ரிக் முழுவதையும் இன்னொரு ஓட்டு ஓட்டித் தருவார்கள். கார்கோ பேன்ட்டின் முழங்காலில் உள்ளே ஒரு துண்டு வைத்துத் தைப்பது, பாக்கெட் மூடிக்கு பட்டன் வைப்பது எல்லாம் தெருமுனை டெய்லர் வேலைதான். முள்ளும் பஞ்சும் அடைத்துக்கொண்ட வெல்க்ரோவைவிட பட்டன் ரொம்ப நாள் உழைக்கும்.

ஹெல்மெட் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஏர்சாஃப்டுக்கு விற்கும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் ஓ.எம்.ஆரில் போகிறவர்கள் உண்டு. இரு சக்கர வாகன ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4151 முத்திரை இல்லாத எதுவும் சாலைக்கு ஹெல்மெட் ஆகாது. மைதானத்தில் தொப்பியே போதும்.

ஒரு சிவப்புத் துணித் துண்டு பாக்கெட்டில் இருக்கட்டும், அவுட் ஆனதும் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வர. ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள்கூட இதை மறந்து, கையைத் தூக்கியபடியே மறுபடி நாலு குண்டு வாங்குவார்கள். வெளிநாட்டு அளவில் வரும் சட்டையின் எல், எக்ஸ்எல்லை நம்பாமல், உங்களுக்குப் பொருந்தும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து சென்டிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆடிவிட்டு வந்தால் பேட், கையுறை, காகிள்ஸின் ஃபோம் எல்லாவற்றையும் அன்றைக்கே அலசி மின்விசிறிக்குக் கீழே போடுங்கள். பைக்குள்ளேயே கிடந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பூஞ்சை பிடித்துவிடும், காகிள்ஸின் ஃபோம் உரிந்தால் பனி படிவதும் இடைவெளி விழுவதும் சேர்ந்தே வரும்.