எண்ணெய் குறைத்த மாலைப் பலகாரங்கள்: மசால்வடை முதல் பலாக்கொட்டை வரை

பலகாரத்தில் கனம் ஏறுவது பெரும்பாலும் எண்ணெயால்தான். ஒரு டீஸ்பூன் எண்ணெயிலேயே 40 கலோரிக்கு மேல் இருக்கிறது. கடலைமாவுக்குப் பதில் கம்புமாவு போட்டாலும், வாணலி நிறைய எண்ணெயில் பொரித்தால் கணக்கு பெரிதாக மாறாது. சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடுவதும் அப்படித்தான். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு கலோரி. சர்க்கரை நோய் உள்ளவருக்கு வெல்லம் பாதுகாப்பானது என்பது தவறு. எந்தப் பலகாரத்தில் எண்ணெயைக் குறைக்கலாம், எதில் குறைத்தால் பலகாரமே கெடும் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. கடலூர், புதுச்சேரி வீடுகளில் மாலையில் பிள்ளைகள் கேட்கும் பலகாரங்களையே எடுத்துக்கொள்வோம்.

குழிப்பணியாரக் கல்லில் மசால்வடை

எண்ணெய் குறைத்தும் ருசி குறையாத பலகாரங்களில் இதற்குத்தான் முதலிடம். கடலைப்பருப்பு ஒரு கப் (200 கிராம்) எடுத்து 2 மணி நேரம் மட்டும் ஊற வையுங்கள். 4, 5 மணி நேரம் ஊறினால் பருப்பு தண்ணீரை நிறையக் குடித்து, அரைக்கும்போது கூழாகும். வடை மேலே முறுகாமல் உள்ளே களிபோல் நிற்கும். ஊறியதும் வடிதட்டில் கொட்டி 10 நிமிடம் விடுங்கள். அதில் 2 டேபிள் ஸ்பூன் பருப்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை 2 பச்சை மிளகாய், ஓர் அங்குல இஞ்சி, ஒரு டீஸ்பூன் சோம்பு சேர்த்து ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். மிக்சியை ஒரேயடியாக ஓட்டாமல் விட்டுவிட்டுச் சுற்றினால் பதம் சரியாக வரும்.

எடுத்து வைத்த முழுப்பருப்பு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 10, கறிவேப்பிலை, கொத்தமல்லி, முக்கால் டீஸ்பூன் உப்பு எல்லாவற்றையும் கல் காய்ந்த பிறகுதான் கலக்க வேண்டும். உப்பு பட்டதும் வெங்காயம் தண்ணீர் விடத் தொடங்கும். முதலிலேயே கலந்து வைத்தால் கடைசி ஈட்டு வடை உதிர்ந்துபோவது இதனால்தான். அப்படி ஆகிவிட்டால் ஒரு டேபிள் ஸ்பூன் அரிசிமாவு போட்டுப் பிசைந்தால் சரியாகும்.

இரும்புக் கல்லை நடுத்தரத் தீயில் 3 நிமிடம் காய வைத்து, குழிக்குக் கால் டீஸ்பூன் எண்ணெய் விடுங்கள். மாவை உருட்டி லேசாகத் தட்டி, குழியில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் வையுங்கள். தீயைக் குறைத்து, மூடி போட்டு 5 நிமிடம். பிறகு திருப்பி, ஓரத்தில் சில சொட்டு எண்ணெய் விட்டு, மூடி இல்லாமல் 4 நிமிடம். திருப்பிய பிறகும் மூடினால் ஆவி மேலே தங்கி, முறுகிய பக்கமும் மெத்தென்று ஆகிவிடும். வெளியே கருத்து உள்ளே பச்சை வாசனை வந்தால் தீ அதிகம், அல்லது குழியை நிரப்பிவிட்டீர்கள். இந்த அளவில் 20 முதல் 24 வடை வரும். ஒரு வடைக்குச் செலவாகும் எண்ணெய் டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்குதான்.

நறுக்கி மோரில் போட்டு வைத்த வாழைப்பூவை ஒரு கைப்பிடி பிழிந்து சேர்க்கலாம். முருங்கைக்கீரையும் நன்றாக இருக்கும், ஆனால் ஈரம் போகத் துடைத்துப் போடுங்கள்.

ஏர் ஃப்ரையர் இருந்தால் 180 டிகிரியில் 14 நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்ப வேண்டும். இரு பக்கமும் எண்ணெய் தடவாமல் வைத்தால் வடை வறண்டு வெடிக்கும், தொண்டையில் அடைக்கும்.

பஜ்ஜி

பஜ்ஜிமாவு ஏர் ஃப்ரையரில் சரிப்படாது. மாவு உறைவதற்குள் ஒழுகிக் கூடையில் ஒட்டிவிடும். வேறு வழி உண்டு. ஒரு பெரிய வாழைக்காயை 4 மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி 4 நிமிடம் ஆவியில் வேக வையுங்கள். கடலைமாவு 2 டேபிள் ஸ்பூன், அரிசிமாவு ஒரு டேபிள் ஸ்பூன், மிளகாய்த்தூள் முக்கால் டீஸ்பூன், மஞ்சள்தூள், பெருங்காயம், உப்பு கலந்து, 2 டேபிள் ஸ்பூன் தண்ணீர் தெளித்துக் காயின் மேல் பிசறுங்கள். தோசைக்கல்லில் 2 டீஸ்பூன் எண்ணெயில் பக்கத்துக்கு 3 நிமிடம் வாட்டினால் போதும். இது பஜ்ஜி ஆகாது. ஆனால் பஜ்ஜிக்கு ஏங்கும் நாக்கை அடக்கிவிடும்.

ஐப்பசி மழையில் பஜ்ஜியேதான் வேண்டுமென்றால் பொரியுங்கள், சரியாகப் பொரியுங்கள். எண்ணெய் 175 முதல் 180 டிகிரி வரை காய்ந்திருக்க வேண்டும்: ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே மேலே எழும்பும், ஆனால் உடனே சிவக்காது. சூடு போதாவிட்டால் மேல்தோல் கட்டத் தாமதமாகி எண்ணெய் அதிகம் ஏறும். சோடா உப்பு மாவில் துளைகளை உண்டாக்குவதால் அதுவும் எண்ணெயை இழுக்கும். மாவில் நாலில் ஒரு பங்கு அரிசிமாவு இருந்தால் சோடா இல்லாமலே முறுகும். எண்ணெயின் பெரும்பகுதி பஜ்ஜிக்குள் போவது வெளியே எடுத்த பிறகுதான். பஜ்ஜி ஆற ஆற உள்ளே ஆவி அடங்கி, மேலே ஒட்டிய எண்ணெய் உறிஞ்சப்படும். அதனால் எடுத்தவுடனே உதறி, சூடாக இருக்கும்போதே காகிதத்தில் ஒற்றி எடுங்கள். ஆளுக்கு மூன்று போதும்.

நுரைத்த, கறுத்த, பிசுபிசுத்த எண்ணெயைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் போலார் சேர்மங்கள் (எண்ணெய் சிதைவதால் உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. வீட்டில் அளக்க முடியாது, கண்ணும் மூக்கும்தான் கருவி.

முந்திரியும் பொரியும்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் எச்சரிக்கை தேவை. வறுத்தாலும் பொரித்தாலும் முந்திரியில் பாதிக்குச் சற்றுக் குறைவு கொழுப்பு. 30 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி, 170 கலோரி வரும். அதைத் தனியாகக் கொறிக்காமல் பொரியில் கலந்தால் ஒரு கைப்பிடி நாலு பேருக்குக் காணும்.

4 கப் பொரியை வெறும் வாணலியில் சிறு தீயில் 4 நிமிடம் வறுத்துத் தட்டில் கொட்டுங்கள். கடற்காற்றில் பொரி நமுத்துத்தான் இருக்கும். இதை விட்டால் எந்தத் தாளிப்பும் உதவாது. 2 டீஸ்பூன் எண்ணெயில் உடைத்த முந்திரியை இளமஞ்சள் வந்ததும் எடுத்துவிட வேண்டும், எடுத்த பிறகும் நிறம் ஏறும். அதே எண்ணெயில் நசுக்கிய பூண்டு 4 பல், கறிவேப்பிலை, 2 டேபிள் ஸ்பூன் பொட்டுக்கடலை, அடுப்பை அணைத்து மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு, பிறகு பொரி. நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் மூடுங்கள். கம்பெனி மிக்சருக்கு இது நல்ல மாற்று.

பட்டாணி சுண்டல்

வெள்ளைப் பட்டாணியை 8 மணி நேரம் ஊற வைத்து, குக்கரில் 2 விசில். தண்ணீரை வடித்து ஆற விட்ட பிறகே துருவிய மாங்காயும் 2 டேபிள் ஸ்பூன் தேங்காயும் சேர்க்க வேண்டும். சூட்டில் போட்டால் மாங்காய் நீர் விட்டுச் சுண்டல் சொதசொதக்கும். தேங்காய் போட்ட சுண்டல் சித்திரை வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும், செய்த மாலையிலேயே தீர்த்துவிடுங்கள்.

பேக்கரி பஃப்ஸை வீட்டில் லேசாக்கும் முயற்சி வேண்டாம். அதன் அடுக்குகளே கொழுப்பால் ஆனவை. உள்ளே வைக்கும் வெங்காய முட்டை மசாலாவை மட்டும் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் செய்து, வாட்டிய ரொட்டித் துண்டின்மேல் வையுங்கள்.

பலாக்கொட்டை

பலா வரும் மாதங்களில் உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு இதைவிட நல்ல மாற்று கிடையாது. கொட்டையைப் பச்சையாகத் தின்னக் கூடாது. செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு, வெந்தால் பெருமளவு அழிந்துவிடும். 25 கொட்டைகளை உப்புத் தண்ணீரில் குக்கரில் 4 விசில் விட்டு, வெள்ளைத் தோலை உரித்து நீளமாக இரண்டாக வெட்டுங்கள். உள்ளிருக்கும் பழுப்புத் தோல் இருக்கட்டும். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு தாளித்து, கொட்டையைப் பரப்பி, கிளறாமல் 3 நிமிடம் விட்டால் வெட்டிய பக்கம் பொன்னிறமாக முறுகும். இறக்கும்போது மிளகுத்தூள். வயிறு உப்புசம் உள்ளவர்கள் ஆறேழு கொட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம். வேகவைக்காத கொட்டையை ஈரம் போக நிழலில் 2 நாள் உலர்த்தி, மண்ணில் புதைத்தோ காற்றோட்டமான கூடையில் போட்டோ வைத்தால் பருவம் முடிந்த பிறகும் சில வாரங்கள் வரும்.