நோயோடு வேலையில் நீடிக்க விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் கொழும்பு தேசிய வைத்தியசாலைக் கிளினிக்கில் என் இலக்கம் வரும்வரை காத்திருந்தபோது, பக்கத்து வாங்கிலிருந்த இளைஞர் ஒருவர் தமது இராஜினாமாக் கடிதத்தில் பிழை ஏதும் உண்டா என்று கேட்டார். பதினொரு ஆண்டுகளுக்கு முன் மூட்டு வாதத்தோடு நான் கொடுத்த கடிதமும் ஏறத்தாழ அதே சொற்களில்தான் இருந்தது. மருந்தைத் தவறவிடக்கூடாது என்பதை எவரும் சொல்வார்கள். எனக்கு நட்டம் தந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கேட்டவுடன் இராஜினாமாக் கடிதம் கொடுப்பது

"இப்போதைக்கு விலகிக்கொள்ளுங்கள், சுகமானதும் திரும்ப எடுப்போம்" என்று என் நிறுவனத்தின் மனிதவள முகாமையாளர் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, மிகுந்த பரிவோடு சொன்னார். விரல்கள் வீங்கிப் பேனா பிடிக்கவே சிரமப்பட்ட என்னிடம், தட்டச்சு செய்த கடிதத்தையும் அவரே நீட்டினார். 'சொந்த விருப்பின் பேரில்' என்று அதில் இருந்தது. வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனமொன்று, முந்திய 12 மாதங்களில் 180 நாட்களேனும் வேலை செய்த ஊழியரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாதவிடத்து, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ இன்றி நீக்க முடியாது. அந்தச் சம்மதத்தைத்தான் நான் தேநீர்க் கோப்பைக்கு அருகில் வைத்துக் கையளித்தேன். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கு 5 ஆண்டுச் சேவை பூர்த்தியாக வேண்டும். எனக்கோ அதற்கு ஐந்து மாதங்கள் குறைவு. மூன்று மாதங்களின் பின் தொலைபேசியில் அழைத்தபோது என் கதிரையில் வேறொருவர் இருந்தார். வற்புறுத்தலால் கையெழுத்திட்டதாக முறையிடலாம், ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. எனக்குச் சாட்சி அந்தத் தேநீர் மட்டுமே.

இன்றும் இதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. எவர் எவ்வளவு பரிவாகக் கேட்டாலும், கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுப் பதில் தருவதாகச் சொல்லுங்கள். வேண்டியது ஓய்வுதான் என்றால் சம்பளமற்ற லீவை எழுத்தில் கேளுங்கள். விலக்கப்பட்டுவிட்டால், 6 மாதங்களுக்குள் தொழில் திணைக்களத்தில் முறையிட வேண்டும்.

அறிவிக்காமல் ஊருக்குப் போவது

வைத்தியத்துக்காக யாழ்ப்பாணம் போய் இரண்டு வாரம் பேசாமல் இருந்தால், பதவியைத் தாமாகவே கைவிட்டவர் என்று கடிதம் வரும். முதல் நாளே மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள்.

கிளினிக் கொப்பியைக் காட்டுவது

லீவுக்கு ஆதாரமாக அதை நீட்டாதீர்கள், அது வைத்தியச் சான்றிதழ் அன்று.

நோயை அலுவலகம் முழுவதற்கும் சொல்வது

மேலதிகாரிக்குத் தெரிந்தால் போதும்.

லீவைக் கணக்கின்றி எடுப்பது

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சுகயீனத்துக்கும் சொந்த அலுவலுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 7 நாட்களே உண்டு. வருடாந்த விடுமுறை 14 நாட்கள். மாதம் ஒரு கிளினிக் என்றால் அந்த 7 நாட்களும் ஜூலையோடு தீர்ந்துவிடும். கிளினிக் நாட்களில் பிற்பகல் வேலைக்கு வர அனுமதியை ஜனவரியிலேயே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. அந்த இளைஞரும் அப்படித்தான் கேட்டிருக்கிறார். இராஜினாமாக் கடிதம் இன்னும் அவருடைய கொப்பிக்குள்ளேயே இருக்கிறதாம்.